எனக்குக் கை போச்சுன்னு வச்சுக்குங்க

வலது கை நாற்பது ஐம்பது தடவை போன மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். கண் எத்தனை தடவை போனது என்று சொல்லவே முடியாது. இடுப்பு எலும்பு மட்டும் குறைந்தது பத்து முறை முறிந்திருக்கும். இத்தனையும் ஆன பிறகு மனிதர் கள்ளக்குறிச்சியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தன் கடையில், இரண்டு கையாலும் துணி மடித்துக்கொண்டு, இரண்டு கண்ணாலும் தெருவைப் பார்த்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு, தியேட்டருக்குள் போடும் பச்சை உடை, ஸ்டெதஸ்கோப், சட்டையில் குத்திக்கொள்ளும் பெயர்ப் பட்டை, இவைதான் அவர் கடைச் சரக்கு. கூடவே இன்சூரன்ஸ் ஏஜென்ட். அதிலும் ஒரே ஒரு பாலிசிதான் விற்பார். விபத்தில் அடிபட்டு வேலை செய்ய முடியாமல் போனால், குணமாகும் வரை வாரா வாரம் பணம் வரும் பாலிசி. அதையும் பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு மட்டும்தான் விற்பார். ஏன் பெரிய டாக்டர்களிடம் போவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

“அவங்களுக்கு சொந்த ஆஸ்பத்திரி இருக்குது, மாமனார் இருக்காரு. உங்கள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டு கையத் தவிர இன்னா இருக்குது?” என்றார்.

எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதலாம்தான். ஆனால் அவர் வீட்டம்மா இதைப் படித்துவிட்டால் எனக்கும் வம்பு, அவருக்கும் வம்பு. அதனால் இங்கேயும் பாய்தான்.

நான் அப்போது அறுவை சிகிச்சையில் மேற்படிப்புப் பயிற்சிக்கு வந்திருந்தேன். மூன்று வருடப் பயிற்சி. சொந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். அப்பா இல்லை. ஊரில் அம்மா மட்டும். எனக்கு வரும் உதவித்தொகையில்தான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது. சேர்ந்த முதல் நாள் கோட்டு தைக்கக் கொடுக்கலாம் என்று அவர் கடைக்குப் போனேன். அளவு நாடாவை எடுத்துத் தோளில் வைத்தார். “தோள் பதினாலு, மாஷா அல்லாஹ்” என்றார். “கை நீளம் இருபத்தி மூணு, மாஷா அல்லாஹ்” என்றார். ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மாஷா அல்லாஹ். கண்ணு பட்டுவிடக் கூடாதாம். இருபத்தி மூன்று அங்குலக் கையின் மேல் யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அளவு எடுத்து முடித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“ஒரு நிமிஷம் உக்காருங்க டாக்டரம்மா. எனக்கு இந்தக் கை போச்சுன்னு வச்சுக்குங்க.”

நான் பதறிப்போய் அவர் கையைப் பார்த்தேன். “நல்லாத்தானே இருக்கு பாய்?”

“இருக்குதுங்க. போச்சுன்னு வச்சுக்குங்க.” வலது கையைச் சட்டைக் கைக்குள் சரக்கென்று இழுத்துக்கொண்டார். வெறும் சட்டைக்கை ஆடியது. “இப்ப நான் ஒரு சர்ஜன். பயிற்சில இருக்கறேன். நாளைக்கு தியேட்டர்ல எனக்கு கேஸு. நான் இன்னா பண்ணுவேன்?”

“லீவு போடுவீங்க.”

“எத்தினி நாளிக்கு? லீவு தீந்து போவுது. உதவித்தொகை நிக்குது. படிப்பு தள்ளிப் போவுது. வூட்ல அம்மா கேக்கறாங்க, இன்னாப்பா பணம் அனுப்பலன்னு. நான் இன்னா சொல்லுவேன்?” அவர் கண் கலங்கியேவிட்டது. எனக்கு அவருக்காக அப்போதே ஒரு பாலிசி எடுத்துக் கொடுக்கலாம் போல இருந்தது.

“ஏன் பாய் உங்களுக்குப் போச்சுன்னு சொல்றீங்க? எனக்குன்னு சொன்னா சீக்கிரம் புரியுமே” என்றேன்.

இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். “தவுபா, தவுபா. அப்டிலாம் சொல்லாதீங்க. அந்தக் கைய வச்சி தொழில் கத்துக்கினு போவ வந்துருக்கீங்க. அதப் போயி நான் எதுக்கு வாயால தொடணும்?”

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கட்டி வந்திருக்கிறது என்று சொல்கிறவர் தன் உடம்பில் தொட்டுக் காட்ட மாட்டார். காட்டினால் தனக்கும் வந்துவிடும் என்று பயம். அவசரத்தில் தொட்டுவிட்டாலும் உடனே அந்த இடத்தைத் தட்டிவிட்டுக்கொள்வார். பாய் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். உலகத்தில் உள்ள முறிவு, வெட்டு, தீக்காயம் எல்லாவற்றையும் தன் உடம்பில் ஏற்றிக் காட்டுவார். கேட்கிறவர் மேல் ஒரு தூசு விழ விடமாட்டார். விபத்து பாலிசி விற்கிறவர் விபத்து என்ற சொல்லை எதிராளிக்குச் சொல்ல மாட்டேன் என்றால் எப்படி வியாபாரம் நடக்கும்? ஆனாலும் நடந்தது. எங்கள் வருடத்தில் சேர்ந்த அத்தனை பேரும் அவரிடம் பாலிசி எடுத்திருந்தோம், பாதிப் பேர் அந்த நாடகத்தைப் பார்த்த சந்தோஷத்துக்காகவே.

மாதத்தில் ஒருநாள் மதியம் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வருவார். பையன்கள் அவரை விட மாட்டார்கள். மயக்க மருந்துப் பிரிவில் பயிற்சியில் இருந்த என் நண்பன் ஒருவன், விடாக்கண்டன். “பாய், ரெண்டு கையும் போச்சுன்னா?” என்பான். பாய் இரண்டு கையையும் சட்டைக்குள் இழுத்துக்கொள்வார். “அதோட ஒரு காலும் போச்சுன்னா?” ஒரு காலை மடித்து நாற்காலியின் அடியில் சொருகிக்கொள்வார். “இன்னொரு காலும்?” ஒருநாள் நாலையும் மடக்கிய நிலையில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து வழுக்கி, சாம்பார் வாளி பக்கத்தில் போய் விழுந்தார். நிஜமாகவே இடுப்பில் அடி. தூக்கி உட்கார வைத்தபோது, “இதுக்கு ஏஜென்ட்டுக்கு ஒண்ணும் கெடையாதுங்க” என்று சிரித்தார். ஒரு வாரம் நடை ஒரு பக்கமாக இருந்தது. பாலிசி மட்டும் அன்று மூன்று பேர் எடுத்தார்கள்.

ஆயுள் காப்பீடு ஏன் விற்பதில்லை என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் விற்றிருக்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்த ஒரு ஆளிடம், “எனக்கு மவுத் ஆயிட்டுதுன்னு வச்சுக்குங்க” என்று தொடங்கி, தன்னைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, பள்ளிவாசல் வரை கொண்டுபோய்விட்டார். உள்ளே சமையல் செய்துகொண்டிருந்த வீட்டம்மா கரண்டியோடு வெளியே வந்தார். வந்த ஆள் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினானாம். அதன் பிறகு பத்து நாள் வீட்டில் பேச்சு இல்லை. சமாதானத்துக்கு ஏழைகளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போட வேண்டியதாகிவிட்டது. “கை காலு போனா பரவால்ல, உசுரு மட்டும் போவக் கூடாதுன்னு வூட்ல உத்தரவு” என்று சொல்வார்.

பாலிசி படிவத்தில் ‘தொழில்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எங்களுக்காக அவர் போட்ட சண்டையை நான் மறக்க முடியாது. ஆஸ்பத்திரியில் எங்களிடம் வேலை வாங்கும்போது நாங்கள் டாக்டர். லீவு கேட்கும்போது மாணவர். கம்பெனியும் எங்களை மாணவர் என்றே எழுதச் சொன்னது. மாணவர் என்றால் சம்பாதிக்காதவர், வாரப் பணம் கிடையாது. பாய் மேலாளருக்குப் போன் போட்டு, நாங்கள் நாலு பேர் கடையில் நின்றுகொண்டிருக்கும்போதே பேசினார்.

“சார், நான் மாணவன்னு வச்சுக்குங்க. முந்தாநேத்து காலைல வேலைக்கு வந்தேன். இன்னும் நின்னுக்கினு இருக்கறேன். சோறு துன்னல. இந்த மாதிரி மாணவன எந்த ஸ்கூல்ல பாத்தீங்க?”

அந்தப் பக்கம், பாய் எதற்கு ஸ்கூலில் சேர்ந்தார் என்று மேலாளர் கேட்டிருக்க வேண்டும். அதை விளக்கிச் சொல்ல இன்னும் கால் மணி நேரம் ஆனது. ஆனால் விடவில்லை. ஒரு மாதம் இழுத்தடித்து, எங்கள் கட்டத்தில் டாக்டர் என்று எழுத வைத்தார். எங்களை டாக்டர் என்று எழுத்தில் முதலில் ஒத்துக்கொண்ட இடம் அதுதான்.

இரண்டாம் வருடம் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஒரு மருத்துவ முகாமுக்குப் போனோம். அங்கே ஒரு மலைக்காரர், சாமையும் மரவள்ளியும் போடுகிறவர், முந்தைய மாதம்தான் எங்களிடம் குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு போயிருந்தார். நான்தான் தையல் போட்டேன். அந்தத் தையலைப் பத்துப் பேருக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு, முகாம் முடிந்து கிளம்பும்போது ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். சின்னப் பழம் இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி ஜீப்பின் பின்னால் வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும் போல இருந்தது. நானும் வாங்கிக்கொண்டேன்.

இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் குறுக்கே ஆடு வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். நான் முன் சீட்டின் இரும்புக் கம்பியை வலது கையால் பிடித்திருந்தேன். பின்னாலிருந்து பலாப்பழம் புறப்பட்டு வந்து, கம்பியோடு சேர்த்து என் கையை நசுக்கியது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கையில் இரண்டு எலும்பும் மணிக்கட்டில் ஒரு சிறு எலும்பும் முறிந்துவிட்டன. கட்டுப் போட்டுக்கொண்டு ஹாஸ்டலுக்கு வந்தபோது பையன்கள் அதே பழத்தை அறுத்து வைத்திருந்தார்கள். எனக்கும் இரண்டு சுளை கொண்டுவந்து கொடுத்தார்கள். இனிப்பாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

அந்த மணிக்கட்டு எலும்பு பொல்லாதது. ரத்த ஓட்டம் குறைவு. மாதக்கணக்கில் சேராது, சில சமயம் சேராமலே போய்விடும். சேராவிட்டால் மணிக்கட்டு மடங்காது. மடங்காத மணிக்கட்டை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்ய முடியாது. பார்க்க வந்தவர்களுக்கு நான் இதையெல்லாம் படம் போட்டு, இடது கையால், வகுப்பு எடுப்பது போல விளக்கினேன். “இந்த மாதிரி கேஸில்” என்றுதான் பேசினேன். எல்லோரும் நான் தைரியசாலி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

பாய் வந்தார். கட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆப்பிள் பையை வைத்தார். “ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க போன்லாம் பண்ணாதீங்க, ஓய்வு எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்த்துக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதலில் என் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். நான் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். அது அவருக்குத் தெரியாது. படிவத்தில் வாரிசுக்கு நேரே அம்மாவின் நம்பர் இருந்ததால், சொல்வது தன் கடமை என்று நினைத்துவிட்டார். மறுநாள் மதியம் அம்மா மணலூர்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, கையில் ஒரு தூக்கு வாளியோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றாள்.

“உன் கூட்டாளி ஒரு பாய் கீறாராமே, பாவம், அந்தாளுக்கு கை ஒடைஞ்சிப் போச்சாம்டி. போன்ல சொல்லி அப்டி அழுவறாரு. பெரண்டத் தொக்கு கிண்டிக்கினு வந்துருக்கறேன். எலும்புக்கு நல்லது. வூடு எங்க அவருக்கு?”

பிறகுதான் என் கட்டைப் பார்த்தாள். அந்தப் பாத்திரம் கீழே விழவில்லை, அதை மட்டும் சொல்லலாம். மற்றது எல்லாம் விழுந்தது. பாயையும் என்னையும் ஜீப் டிரைவரையும் ஆட்டையும் பலாமரத்தையும் சேர்த்து வாரியிறைத்துவிட்டு, அழுது முடித்து, தொக்கை எனக்கே ஊட்டிவிட்டாள். இந்தக் கதையை ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம். அதே மாதிரி கம்பெனிக்கும் அவர் போன் செய்திருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரம் ஆகியும் பணம் வரவில்லை. என் லீவு தீர்ந்துவிட்டது. இனி உதவித்தொகை கிடையாது, வேலைக்கு வராத நாட்கள் படிப்பின் கடைசியில் கூட்டப்படும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா ஊரில் யாரிடம் கடன் கேட்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள். பயிற்சி இடத்தையே விட்டுவிட்டு, எழுத்து வேலை எதற்காவது போய்விடலாமா என்ற நினைப்பு எனக்கே வர ஆரம்பித்தது. அப்போதுதான் கம்பெனியிலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வந்தார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை, கையில் டேப்லெட். நேராகப் பாய் கடைக்குத்தான் போனார். கொஞ்ச நேரத்தில் என்னையும் வரச் சொல்லி போன் வந்தது.

நான் போனபோது பாய் கத்தரிக்கோலும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். அதிகாரி அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவர் கை நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா கம்பெனிக்கு வந்த போன்ல இவர் கைதான் உடைஞ்சதா சொல்லியிருக்கார். நீங்களே கேளுங்க” என்று டேப்லெட்டில் ஒன்றைத் தட்டினார்.

பாயின் குரல் வந்தது. “எனக்கு வலது கை ஒடைஞ்சிருச்சுன்னு வச்சுக்குங்கம்மா. மலைலேர்ந்து எறங்கிக்கினு இருக்கறேன். பின்னால பலாப்பழம்...”

“பலாப்பழமா சார்?” என்று ஒரு பெண் குரல்.

“ஆமாம்மா. ரொம்ப ஜாஸ்தி வெயிட்டு. வந்து என் கைல வுழுந்துருச்சு.”

“பாலிசி ஒரு லேடி டாக்டர் பேர்ல இருக்கே சார்?”

“பாலிசி அவங்களுதுதாங்க. கை என்னுதுன்னு வச்சுக்குவோம்.”

ஒலிப்பதிவு நின்றது. நான் சிரித்துவிட்டேன். பாய் சிரிக்கவில்லை, அதிகாரியும் சிரிக்கவில்லை.

“ஒரே விபத்து. போன்ல ஏஜென்ட் கை. காகிதத்துல டாக்டர் கை. மேலிடத்துல இதைப் பொய்க் கோரிக்கைன்னு எழுதி மூடச் சொல்லிட்டாங்க. நேர்ல ஒருதடவை பார்த்துட்டு மூடலாம்னு நான்தான் வந்தேன்” என்றார் அதிகாரி. “இப்ப இவர் வாயால, டாக்டர் எதிர்ல, வீடியோவுல சொல்லணும். யாருக்கு, எந்தக் கை, என்ன ஆச்சு, வேலை செய்ய முடியுமா முடியாதா. வச்சுக்குங்கன்னு எல்லாம் சொல்லக் கூடாது. சொன்னா கோரிக்கை நிக்கும். இல்லேன்னா ரெண்டு பேருக்குமே சிக்கல்.”

டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தார். பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இவங்க டாக்டரம்மா. அல்லாஹ் புண்ணியத்துல நல்லா இருக்காங்க.”

அதிகாரி டேப்லெட்டைத் தாழ்த்தினார். “நல்லா இருக்காங்கன்னா பணம் எதுக்குங்க?”

மறுபடி. “இவங்க கை... ஓய்வுல இருக்குது.”

“ஓய்வுன்னா லீவு. லீவுக்கு நாங்க பணம் தர்றதில்ல.”

மறுபடி. “கொஞ்சம் கம்மியா வேல செய்யுது.”

“அப்ப செய்யுது!”

அவர் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையும் என் கோரிக்கையில் ஒரு ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில், விசாரணை வருகிறது என்று முந்தின நாளே யாரோ சொல்லி அனுப்பியிருந்ததால், வெள்ளிமலையிலிருந்து அந்த மலைக்காரரும் சாட்சி சொல்ல வந்து சேர்ந்தார். தோளில் ஒரு பலாப்பழம். “டாக்டரம்மாவுக்கு இப்டி ஆயிப் போச்சேன்னு ராவெல்லாம் தூக்கம் இல்லீங்க. இது சின்னதுங்க, ஒண்ணும் பண்ணாது” என்று என் காலடியில் வைத்தார். அதிகாரி சட்டென்று தன் காலை இழுத்துக்கொண்டார். பழத்தின் எடை என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். விபத்தில் மோதிய வாகனம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

“பாய், சொல்லிடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனதுதான் ஆயிடுச்சே” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கை ஒடிந்த நாளிலிருந்து முதல்முறையாக என் கட்டை நேராகப் பார்த்தார். கடைக்குப் பின்னால் போய் முகம் கழுவிக்கொண்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பேரம் பேசும் குரல், நாடகக் குரல், போன் குரல் எதுவும் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு குரலில் பேசினார்.

“இவங்க டாக்டர். நோயாளி இல்ல, மாணவர் இல்ல, டாக்டர். இவங்களோட வலது கை ஒடைஞ்சிருச்சு. இப்ப இவங்களால கத்தி புடிக்க முடியாது. ஊசி புடிக்க முடியாது. சோறு பெசஞ்சு துன்ன முடியாது. எப்ப சரியாவும்னு பெரிய டாக்டருங்களுக்கே தெரியல. சரியாவாமயும் போவலாம்.”

எக்ஸ்ரேயைப் பார்த்திருக்கிறேன். கட்டைச் சுமந்திருக்கிறேன். பத்துப் பேருக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஆனால் என் கை ஒடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது அந்த நிமிடத்தில்தான். பாய் தன் உடம்பில் ஏற்றிச் சொன்னதையே நானும் வேறு விதமாகச் செய்துகொண்டிருந்தேன். அவர் எல்லோருடைய கையையும் தன் கையாக்கினார். நான் என் கையை யாரோ ஒரு நோயாளியின் கையாக்கி வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, ஊரெல்லாம் பார்க்க, ஏங்கி ஏங்கி அழுதேன். மலைக்காரரும் கூட அழுதார். அதிகாரி டேப்லெட்டை அணைத்துவிட்டு, அது போதும் என்றார்.

பணம் அடுத்த வாரத்திலிருந்து வர ஆரம்பித்தது. அம்மா கடன் கேட்கப் போகவில்லை, நானும் இடத்தை விடவில்லை. ஆனால் பாய் என் கண்ணில் படவே இல்லை. எதிரே வந்தால் சந்துக்குள் நுழைந்துவிடுவார். கடை வாசலில் நான் நின்றால் உள்ளே துணி தேடப் போய்விடுவார். ஒருநாள் அவர் வீட்டம்மாவை மருந்துக் கடையில் பார்த்தேன்.

“இன்னா பண்ணீங்க டாக்டரம்மா அவர? தொழுவ முடிஞ்சா எந்திரிக்க மாட்டேங்கறாரு. உங்க பேரச் சொல்லி அல்லாகிட்ட கேட்டுக்கினே இருக்கறாரு” என்றார்.

நாலு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு திங்கட்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு சேர்ந்திருந்தது. மணிக்கட்டை மெதுவாக மடக்கினேன். வலித்தது, ஆனால் மடங்கியது. இன்னும் இரண்டு வாரம் ஓய்வு, பிறகு வேலையில் சேரலாம் என்று பெரிய டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு நேராகக் கடைக்குப் போய், பாய் உள்ளே ஓடுவதற்குள் கையை நீட்டி அவர் முகத்துக்கு முன்னால் மடக்கி மடக்கிக் காட்டினேன்.

“சேந்துருச்சு பாய்.”

அவர் கையைத் தொடவில்லை. குனிந்து, எல்லாப் பக்கமும் பார்த்தார். மாஷா அல்லாஹ் சொல்லக்கூட மறந்துவிட்டார். பிறகு அவசர அவசரமாகப் போனை எடுத்துக் கம்பெனி நம்பரைத் தட்டினார்.

“பாய், என்ன பண்றீங்க? இன்னும் ரெண்டு வாரம் ஓய்வுன்னு எழுதியிருக்கு. அது வரைக்கும் பணம் வரும். அப்புறமா சொல்லலாமே” என்றேன்.

“ரெண்டு வாரமா? நான் சொன்ன அந்த வார்த்த இன்னும் ரெண்டு வாரம் அங்க கெடக்கணுமா? உங்களுக்கு அந்தப் பணம் வேணும்னா நான் தர்றேங்க.”

போனில் மணி அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் எடுத்து, கோரிக்கை எண் கேட்டார். மனப்பாடமாகச் சொன்னார்.

“சொல்லுங்க சார், என்ன விஷயம்?”

“கை நல்லாயிடுச்சும்மா.”

“யாரோட கை சார்? இதுல உங்க கைன்னு பழைய குறிப்பு ஒண்ணு இருக்கு.”

“என்னுது இல்லம்மா!” பாய் கடையை விட்டுத் தெருவுக்கே இறங்கிவிட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும்படி கத்தினார். “டாக்டரம்மா கை. அவங்களோட வலது கை. நல்லா இருக்குது, எழுதிக்குங்க. அவங்க கைதான். வேற யாரு கையும் இல்ல.”

தெருவில் போனவர்கள் யார் அந்த டாக்டரம்மா என்று திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.